இனம் என்ற கட்டத்துக்குள் ஒரு பெயர்

கல்முனையில் ஒரு முஸ்லிம் பிள்ளை பிறந்தால் 42 நாட்களுக்குள் அந்தப் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளையின் பெயர், திகதி, பிறந்த இடம், பெற்றோரின் பெயர் எல்லாம் எழுதி வரும்போது தந்தையின் இனம், தாயின் இனம் என்று இரண்டு கட்டங்கள் குறுக்கிடும். வாப்பாவின் பெயரைப் பார்த்தாலே போதும், அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் கேள்வியே இல்லாமல் நிரம்பிவிடும்: இலங்கைச் சோனகர். அதே பத்திரம் சிங்களத்தில் இருந்தால் லங்கா யோனக. கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகிறவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்தால் ஸ்ரீலங்கன் மூர்.

அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் "நீங்க எந்த ஆக்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "முஸ்லிம் ஆக்கள்" என்பார். நிந்தவூர், சம்மாந்துறை, மருதமுனை, ஒலுவில், அக்கரைப்பற்று என்று எந்த ஊரில் கேட்டாலும் அதே பதில்தான். தன்னைச் சோனகர் என்று பேச்சில் சொல்லிக்கொள்ளும் ஒருவரை இந்தக் கரையில் காண்பது அரிது. நாவில் இல்லாத பெயர் ஒன்று ஊர் முழுவதற்கும் பிறப்பிலேயே எழுதப்படுகிறது. அது எங்கே புறப்பட்டது, எந்தெந்தக் கைகள் மாறி இந்தக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது என்று தேடிப் போனால், இனப்பெயர்களைப் பற்றி நாம் அடித்துக்கொள்ளும் சண்டைகள் பலவற்றின் வேர் தட்டுப்படும்.

சோனகர் என்பதன் முதல் வீடு இன்றைய துருக்கியின் மேற்குக் கரை. அங்கே அயோனியா என்ற கிரேக்க நாடு இருந்தது. பாரசீகர் அந்த நாட்டாரை யவுனர் என்றார்கள். அசோகன் கல்வெட்டில் அது யோனர் ஆயிற்று, சங்கப் பாடல்களில் யவனர் ஆயிற்று. முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிப் போனவர்கள் அந்த யவனர். அனுராதபுரத்தில் பண்டுகாபய மன்னன் யோனருக்கென்று ஓர் இடம் ஒதுக்கினான் என்கிறது மகாவம்சம். நூற்றாண்டுகள் கழிந்தன. மேற்கிலிருந்து கடல் வழியே வருகிறவர்கள் கிரேக்கராக இருந்த காலம் போய் அரபிகளாக இருந்த காலம் வந்தது. கப்பல் வந்த திசை மாறவில்லை என்பதால் பழைய பெயரையே புதியவர்களுக்கும் கொடுத்தார்கள். தமிழில் அது சோனகர் என்றும் சிங்களத்தில் யோனக என்றும் நின்றது. 11ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களில் சோனகன் சாவூர் பரஞ்சோதி என்றொருவரைக் கல்வெட்டு சொல்கிறது. சோனகன் என்ற அடையாளமும் பரஞ்சோதி என்ற தமிழ்ப் பெயரும் ஒரே ஆளிடம் கூடி நிற்கின்றன. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று பிற்காலத்தில் சட்டசபையிலும் பத்திரிகையிலும் வாதிட்டவர்கள் அந்தக் கல்லைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூர் என்ற சொல்லுக்கு வேறு தாய், வேறு கடல். வடமேற்கு ஆப்பிரிக்கரை உரோமர் மவுரி என்றார்கள். 711இல் அரபிகளும் பெர்பர்களும் ஜிப்ரால்டரைக் கடந்து ஸ்பெயினுக்குள் வந்தபோது, ஐபீரியக் கிறிஸ்தவர்கள் அந்தப் பழைய பெயரைத் தங்கள் எதிரிக்குச் சூட்டினார்கள். 1492இல் கிரனாடா விழுந்தது. ஆறே ஆண்டுகளில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். அங்கே மிளகு வணிகத்தில் முன்னால் நின்றவர்களைக் கண்டதும் போர்த்துக்கேயருக்கு வேறு பெயர் தேடத் தோன்றவில்லை. தாங்கள் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட எதிரியின் பெயரையே, மௌரோ என்று, அவர்கள் மேல் ஒட்டினார்கள். 1505இல் இலங்கைக்கு வந்தபோது அதே பெயரைக் கொழும்பிலும் இறக்கினார்கள். மொரோக்கோவைக் கண்ணால் கண்டிராதவர்கள் ஒரே நாளில் மூர்கள் ஆனார்கள். சோனகர் என்ற பெயர் வணிகத்தில் பிறந்தது, மூர் என்ற பெயர் பகையில் பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாக வைத்திருக்கிறது.

இதே சொல்லை ஸ்பானியர் பிலிப்பைன்சுக்குக் கொண்டு போனார்கள். மிண்டனாவோவிலும் சூலுவிலும் கண்ட முஸ்லிம்களை மோரோ என்றார்கள். நீண்ட காலம் அங்கே அது ஒரு வசைச்சொல். பிறகு அந்த மக்களே அதை எடுத்துத் தங்கள் கொடியில் எழுதினார்கள். 1972இல் மோரோ தேசிய விடுதலை முன்னணி பிறந்தது. 2019இல் பங்சமோரோ என்ற பெயரிலேயே ஒரு தன்னாட்சிப் பிரதேசம் அமைந்தது. ஒரே சொல் ஓரிடத்தில் போராட்டக் கொடியாகவும் இன்னோரிடத்தில் அலுவலகக் குறிப்பாகவும் ஆனது. சொல்லுக்குள் குற்றமும் இல்லை, புனிதமும் இல்லை. அதை யார் யாரை நோக்கி, என்ன தேவைக்காகச் சொல்கிறார் என்பதில்தான் காரியம் இருக்கிறது. கல்முனைக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கட்சி.

ஒல்லாந்தர் மூர் என்பதை அப்படியே எடுத்துச் சட்டத்துக்குள் வைத்தார்கள். பிரித்தானியர் 1806இல் முகமதியச் சட்டக்கோவையை வெளியிட்டார்கள். அதன் பிறகு எண்ணுகிற வேலை தொடங்கியது. இலங்கையின் முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 1911இல் கட்டங்கள் மேலும் பிரிந்தன: தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் ஆனதுபோல, சோனகரும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் போனார்கள். 1972இல் சிலோன் என்பது ஸ்ரீலங்கா ஆனபோது ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் முன்பாதியும் மாறியது. தமிழில் எழுத்து அசையவில்லை. நமக்கு அது எப்போதும் இலங்கைதானே.

இந்தப் பெயர் ஓர் அரசியல் சொத்தாக மாறியது 1880களில். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்திருந்தது. அப்போது தமிழர்களின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1885இல் சட்டசபையிலும், 1888இல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையிலும் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இலங்கைச் சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர்கள். மொழி, உருவம், பழக்கவழக்கம் என்று சான்றுகளை அடுக்கினார். அந்தச் சான்றுகளில் பல உண்மை. அவற்றை ஏன் அடுக்கினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சோனகர் தமிழர் என்றால் தனி ஆசனம் எதற்கு? 1889இல் அந்த ஆசனத்துக்கு எம். சி. அப்துல் ரகுமான் நியமிக்கப்பட்டார். ஆசனம் கிடைத்தும் வாதம் ஓயவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு மறுப்பு நூல் வெளியிட்டு, எங்கள் மூதாதையர் அரபிகள் என்று நிறுவ முயன்றார்.

இரண்டு பேரும் அறிஞர்கள். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. ஒருவர் யாழ்ப்பாணத்து வேளாள மேட்டுக்குடியின் கண்ணாலும் மற்றவர் கொழும்பு வணிகக் குடும்பங்களின் கண்ணாலும் பார்த்தார்கள். அரபு நாட்டிலிருந்து இறங்கிய வணிகரின் வாரிசு என்ற கதை கொழும்பிலும் பேருவளையிலும் ஓரளவு பொருந்தலாம். சம்மாந்துறை வயலில் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தவருக்கும், மருதமுனையில் தறியில் இருந்தவருக்கும், சாய்ந்தமருதுக் கடலில் கரைவலை இழுத்தவருக்கும் அதில் என்ன பங்கு? நாட்டின் மொத்த முஸ்லிம்களைப் பற்றி நடந்த அந்த வாதத்தில், விவசாயிகளும் மீனவர்களுமாக வாழ்ந்த கிழக்கின் குரல் ஒன்றுகூட இல்லை. அந்த வாதத்தின் முடிவு மட்டும் கட்டத்துக்குள் ஏறி கிழக்குக்கு வந்து சேர்ந்தது. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. அரபியா தமிழரா என்பதில் எந்தப் பக்கம் சரி என்பதைவிட, கேட்கப்படாதவர்களுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிழக்கு தன்னை எப்படி எண்ணியது? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தக் கரையில் ஓர் ஆள் யார் என்பதைக் குடி சொல்லும். குடி தாயின் வழியாக வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. பழைய பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை தமிழரிடமும் இதே முறைதான், கோயிலில் குடிக்குக் குடி உரிமையும் முறையும் உண்டு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவதும் இரு சமூகத்துக்கும் பொது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூலின் நடு நரம்பே இந்தத் தாய்வழிக் குடி முறைதான்.

இதற்கான காரணத்தைக் கதையாகவும் சொல்வார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள், அதற்குக் கைம்மாறாக முக்குவர் பெண் கொடுத்தார்கள் என்று ஏறாவூர், காத்தான்குடிப் பக்கம் வழங்கும் மரபு அது. எழுதி வைத்த வரலாற்றில் இன்னொரு வரவும் உண்டு. போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புக் கரையில் குடியமர்த்தியதாகப் பாதிரியார் குவெய்ரோஸ் எழுதியிருக்கிறார். வந்தவர்களும் முன்பே இருந்தவர்களும் இந்த மண்ணின் பெண்களைக் கட்டி, இந்த மண்ணின் குடி முறைக்குள் அடங்கினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் மார்க்கம் படித்தார்கள். வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று முறை சொன்னார்கள். "மறுகா" என்ற மட்டக்களப்புச் சொல்லைத் தமிழரைப் போலவே இவர்களும் பேச்சுக்குப் பேச்சு சேர்த்தார்கள்.

இப்போது பதிவுக் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். தாய்வழியில் தன்னை எண்ணிய ஒரு சமூகத்திடம், தந்தையின் இனம் முதலில் கேட்கப்படுகிறது. பிள்ளையின் இனம் தந்தையின் இனம் என்றே நடைமுறை கொள்கிறது. தாயின் குடிக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. இந்த மக்கள் உண்மையில் எதைக் கொண்டு தங்களை வகுத்தார்களோ அது அரசின் காகிதத்தில் ஏறவே இல்லை. அவர்கள் பேச்சில் சொல்லாத பெயர் மூன்று மொழியிலும் இருக்கிறது. இனப்பெயருக்கு அர்த்தம் உண்டா என்ற கேள்விக்கு, யாருடைய அர்த்தம் என்று திருப்பிக் கேட்கச் செய்யும் இடம் இது.

அதற்காக அந்தப் பெயரால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'இலங்கை' என்ற முன்னொட்டு ஒரு காலத்தில் கவசமாக நின்றது. 1915 சிங்கள முஸ்லிம் கலவரம் முதலில் பாய்ந்தது கரையோரச் சோனகர் எனப்பட்ட இந்திய வணிகர்கள் மேல். பிறகு அது எல்லா முஸ்லிம்களையும் சுட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியபோது, ஒருவர் பெயருக்கு முன்னால் இந்திய என்று இருப்பதற்கும் இலங்கை என்று இருப்பதற்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் புரிந்தது. சேர் ராசிக் பரீத் சோனகர் என்ற பெயரை விடாமல் பற்றி, 1944இல் சோனகர் இஸ்லாமிய கலாசார நிலையத்தை நிறுவினார். மலாய் இனத்தவரான ரி. பி. ஜாயா முஸ்லிம் என்ற குடையின் கீழ் நின்றார். மலாயரும் சோனகரும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள், குடிசன மதிப்பீட்டில் வேறு வேறு வரிசையில் நிற்கிறவர்கள். 2012 கணக்கில் இஸ்லாம் சமயத்தவர் 19,67,523 பேர், இலங்கைச் சோனகர் 18,92,638 பேர். இடையில் நிற்கும் ஏறத்தாழ 75,000 பேரில் 44,130 பேர் மலாயர். மீதிப்பேர் வேறு வேறு கட்டங்களில் இருக்கிறார்கள்.

தமிழ் அரசியலும் ஒரு பெயரோடு வந்தது: தமிழ் பேசும் மக்கள். 1949இல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி முஸ்லிம்களையும் அணைத்துக்கொள்ளவே அந்தத் தொடரைப் புழங்கியது. 1956 தேர்தலில் அது பலித்தது. கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் வென்றார்கள். இருவரும் பின்னர் கட்சி மாறினார்கள். துரோகம் என்று அதைச் சொல்லிக் கதையை முடிப்பவர்கள் உண்டு. தமிழ் பேசுதல் என்பது உண்மை என்றாலும், அந்த உண்மையை யார் தலைமையில், என்ன பங்கோடு, யாருடைய ஊரில் நடத்துவது என்று கிழக்கு முஸ்லிமிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்று நான் நினைக்கிறேன். இராமநாதன் வாதத்தின் இன்னொரு வடிவமாகவே அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

தமிழ்மொழி மேல் இந்தக் கரைக்கு இருக்கும் உரிமைக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தமிழ் படிக்கும் எந்த ஊர் மாணவருக்கும் கைநூல். இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியவரும் அவரே. மருதமுனையின் மருதூர்க்கொத்தன் கதைகளும் கல்முனையின் சோலைக்கிளி கவிதைகளும் இந்த மண்ணின் பேச்சில் வந்தவை. முஸ்லிம்களுக்கென்று தனிக் கட்சி கட்டிய எம். எச். எம். அஷ்ரஃப் 'நான் எனும் நீ' என்ற பெரிய கவிதைத் தொகுப்பைத் தமிழில் வெளியிட்டவர். இவர்களில் யாரும் தமிழைத் தங்கள் மொழியாகக் கொள்வதற்காகத் தங்களைத் தமிழர் என்று எழுத வேண்டியிருக்கவில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே இருக்கும் காரைதீவில் பிறந்த விபுலானந்தரும், இவர்களும் பேசியது ஒரே வட்டாரத் தமிழ்தான்.

சோனகர் என்ற பெயர் காகிதத்திலும், முஸ்லிம் என்ற பெயர் அரசியலிலும் நின்ற காலத்துக்கு ஓர் ஆவணச் சாட்சி உண்டு. 1987 இந்திய இலங்கை உடன்படிக்கை நாட்டின் மக்களைப் பட்டியலிடும்போது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்கிறது. முஸ்லிம்கள் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூர்ஸ். நூறாண்டு வாதம் அந்த அடைப்புக்குறிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதே உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. கல்முனைக் கரையின் முஸ்லிம்களிடம் அதையும் கேட்கவில்லை. 1981இல் காத்தான்குடியில் அஷ்ரஃப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ், அதன் பிறகு கிழக்கில் ஊர் ஊராக எழுந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிறகு வந்தது 1990. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்கள் தமிழ் பேசும் மக்கள் என்பது அன்று யாருக்கும் நினைவில் இல்லை. அதே ஓகஸ்டில், சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரே குடி முறை, ஒரே கறி, ஒரே பேச்சு எதுவும் தடுக்கவில்லை. ருவண்டாவில் பெல்ஜியர் 1930களில் அடையாள அட்டையில் எழுதிய இனப்பெயர் 1994இல் வீதித்தடைகளில் யார் சாவது என்று தீர்த்தது. நமது தேசிய அடையாள அட்டையில் இனம் என்ற கட்டம் கிடையாது. அதனால் நாம் தப்பினோமா? எங்கள் அட்டையில் தமிழும் சிங்களமும் இருக்கும், நீண்ட காலம் சிங்களவர் அட்டையில் சிங்களம் மட்டும் இருந்தது. மொழியைக் கண்டு நிறுத்தினார்கள், பெயரைக் கண்டு பிரித்தார்கள். எழுதாத இனப்பெயரை வாசிக்க எங்கள் நாட்டுக்குத் தெரியும்.

புண்படுத்தும் பெயர்கள் வேறு கூடத்தில் பிறக்கின்றன. தமிழர் வாயில் சோனகர் சுருங்கிச் சோனி ஆனபோது அது வசை. தம்பி என்ற அன்புச்சொல் சிங்களத்தில் தம்பியா என்று ஆகி முஸ்லிமை மட்டம் தட்டும் சொல்லானது. எங்கள் வீடுகளிலும் அயல் தமிழரைக் காபிர் என்று எறிந்து பேசும் வாய்கள் உண்டு, அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்வது நேர்மையாகாது. அரசின் கட்டத்தில் இருக்கும் பெயரால் மனம் நொந்த ஒருவரை நான் கண்டதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் இருந்த மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். தாக்கியவர்களுக்கு இலங்கைச் சோனகர் என்ற பதிவு தேவைப்படவில்லை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களை அடுத்து, 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் தற்கொலைதாரிகள் தங்கியிருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். அதற்குப் பிறகு வீதியில் பார்வைகளைச் சுமந்தவர்களும் அவர்களே.

அந்தப் பிறப்புச் சான்றிதழின் மீதிப் பயணம் இப்படிப் போகும். பாடசாலையில் முதலாம் தரத்துக்கு அனுமதி, அது முஸ்லிம் பாடசாலை. கலியாணம் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, பிணக்கு வந்தால் காதி நீதிமன்றம். சட்டத்தின் கண்ணில் அங்கே அவர் முஸ்லிம், சோனகரா மலாயரா என்ற கேள்வியே எழாது. கடவுச்சீட்டில் இனம் இல்லை, அவர் இலங்கையர். டோகாவில் அறையில் இருப்பவர்களுக்கு அவர் ஸ்ரீலங்கன், பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் மட்டக்களப்புத் தமிழராக இருந்தால் ஊர்க்காரர். இறப்புப் பதிவிலும் இனம் எழுதப்படும். 2020இல் கொவிட் தொற்றில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் மையித்துகளை அடக்க முடியாமல் தவித்தன. 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. அந்த மாதங்களில் அவர்களைக் கட்டியது மார்க்கத்தின் பெயர். சோனகர் என்ற இனப்பெயர் அவர்களுக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது. குடிசன மதிப்பீட்டில் இனத்தைக் கேட்கட்டும். 2012இல் அம்பாறை மாவட்டத்தில் சோனகர் ஏறத்தாழ 43 வீதம் என்ற எண் இல்லாவிட்டால், காணியிலும் வேலையிலும் தொகுதி எல்லையிலும் பங்கு கேட்பதற்குக் கையில் என்ன இருக்கும்? 1949இல் கல்லோயாத் திட்டத்தோடு வந்த குடியேற்றங்கள், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது, கச்சேரி கரையிலிருந்து தொலைவில் போய் அமர்ந்தது, இவை எல்லாவற்றையும் எண்ணைக் கொண்டுதான் பேச முடியும். ஆனால் குடிசன மதிப்பீட்டிலும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதைச் சொல்பவரே சொல்ல வேண்டும். முஸ்லிம் என்றால் முஸ்லிம், சோனகர் என்றால் சோனகர், கலப்புக் கலியாணத்தில் பிறந்தவர் இரண்டையும் எழுத விரும்பினால் இரண்டு. பிறப்புப் பதிவில் அந்தக் கட்டம் தேவையே இல்லை. பிறந்து ஒரு மாதமான பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிமிரவில்லை, அதற்குள் இனம் எதற்கு? எண்ணுவதற்குக் கணக்கெடுப்பு இருக்கிறது. பதிவு ஆளுக்குரியது. பாடசாலை, ஆஸ்பத்திரி, வங்கிப் படிவங்களில் இனம் கேட்பதை நிறுத்தினால் யாருக்கும் எந்தக் குறையும் வராது.

இனப்பெயரைக் கொண்டு நிலத்தைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதைக் கல்முனையே காட்டுகிறது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ள செயலகமாக்க வேண்டும் என்று தமிழர்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கேட்கிறார்கள். 2019 ஜூனில் அதற்காக ஒரு பௌத்த பிக்குவும் தமிழ்ப் பிரமுகர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள், எதிர்ப்பக்கத்தில் முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ் பேசும் இரு சமூகம் தங்கள் நகரத்தின் எல்லைக்காக எதிரெதிரே பாய் விரித்து அமர்ந்தார்கள். தமிழர் கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. தன் அலுவலகம் தனக்குப் பக்கத்தில் வேண்டும் என்ற ஆசையை, கொழும்பிடமும் அம்பாறையிடமும் முறையிட்டு வளர்ந்த நாங்கள் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்? எல்லைக் கோட்டையும் பஸாரின் வருமானத்தையும் இருவரும் மேசையில் பேசித் தீர்க்கலாம், அதற்கு மூன்றாம் ஆள் வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கும் அதே வீதியில் நடக்கிறது. அதில் இரு தரப்பும் இலங்கைச் சோனகர். கல்முனை மாநகர சபையிலிருந்து பிரித்துத் தங்களுக்குத் தனிச் சபை வேண்டும் என்று சாய்ந்தமருது கேட்கிறது. கல்முனைக்குடி மறுக்கிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் சாய்ந்தமருது மக்கள் முஸ்லிம் கட்சிகளைத் தள்ளிவிட்டுத் தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தார்கள். பள்ளிவாசலே முன்னின்று நடத்திய போராட்டம் அது. ஒரே இனம், ஒரே மார்க்கம், ஒரே மொழி, ஒரு தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு கொடுத்த உறவு. பதிவுப் புத்தகத்தில் இவர்களைப் பிரித்தறிய ஒரு குறியும் கிடையாது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வெளியானது. பட்டாசு கொளுத்தினார்கள். சில நாட்களுக்குள் அமைச்சரவை அதை நிறுத்திவிட்டது. கேட்பதைச் சாய்ந்தமருது இன்னும் விடவில்லை.